மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் நடக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. ஆறு மீன்கள், ஓர் இறால், கொஞ்சம் நத்தைகள், நானே அடுக்கிய ஒரு பாறை மலை. எனக்கு இன்னொரு தொட்டி வேண்டும். காரணம், கடல்குதிரை. மீன் கடையில், வெட்டி விற்கும் கடையில் இல்லை, வளர்க்க விற்கும் கடையில், ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் கடைத்தெருவில் கைகோத்து நடப்பதுபோல் வாலோடு வால் கோத்து நின்றன. அவற்றை மற்ற மீன்களோடு போட முடியாது. சாப்பாட்டுக்கு முண்டியடிக்கத் தெரியாத பிராணிகள். என்னைப் போல. தனித் தொட்டிதான் சரிப்படும்.

மனைவியிடம் கேட்டேன்.

"தொட்டதுக்கெல்லாம் ஒரு தொட்டியா?" என்றாள்.

"கடல்குதிரைம்மா..."

"கடல்ல இருந்து வந்தா என்ன, காட்டுல இருந்து வந்தா என்ன? குதிரைக்கெல்லாம் இங்க இடம் இல்ல. ஒரு வீடு, ஒரு தொட்டி."

அதற்கு மேல்முறையீடு கிடையாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எவ்வளவு விரட்டினாலும் நான் மிதித்தால் வண்டி நிற்கும். வீட்டில் அந்தப் பிரேக் அவள் காலடியில் இருக்கிறது. அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். ஊரே 'சிஸ்டர்' என்று கூப்பிடும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டவன் நான்.

நுரையைத் துப்பியபோதுதான் அந்த யோசனை வந்தது. மீனுக்கு நோய் வந்தால் தனியாக வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தனித் தொட்டி வேண்டும். தனி வார்டு தேவையில்லை என்று ஒரு நர்ஸ் சொல்வாளா? சொல்ல மாட்டாள். மீன் குணமாகி வீட்டுக்குப் போய்விடும். தொட்டி காலியாக நிற்கும். காலித் தொட்டி கண்ணை உறுத்தும். உறுத்தாமல் இருக்க இரண்டே இரண்டு கடல்குதிரை. என் மூளையை நானே தடவிக்கொடுக்க ஆசைப்பட்டேன். எட்டவில்லை.

நோயாளியாக மேனேஜரைத் தேர்ந்தெடுத்தேன். மேனேஜர் ஒரு மஞ்சள் மீன். ஒரு வேலையும் செய்யாமல் நாளெல்லாம் சுற்றிவந்து மற்றவர்களை முறைப்பதால் அந்தப் பதவி.

"இங்க கொஞ்சம் வாயேன்! மேனேஜருக்கு உடம்பு சரியில்ல!"

"லீவு போடச் சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"மீனும்மா!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன பண்ணுது?"

"வெள்ளைப்புள்ளி நோய். துடுப்புல பாரு. பயங்கரமான தொத்து நோய்."

மேனேஜரின் துடுப்பில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தது. அது உடைவதற்குள் அவள் பார்த்துவிட வேண்டுமே என்று எனக்கு அவசரம். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள். குமிழி போய்விட்டது.

"எங்க?"

"அந்தப் பக்கம் இருக்கு."

மேனேஜர் உடனே திரும்பினார்.

"இப்ப எங்க?"

"இப்ப இந்தப் பக்கம் வந்திருச்சு."

மனைவி மீனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைத்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, முகம் கனிந்தது.

"பாவம். தனியா வைக்கணுமே! சின்ன ரூம்ல வைங்க. அந்தச் சைக்கிளை ஓரமா தள்ளிட்டு."

சைக்கிள் என்பது நான் உடம்பு இளைக்க வாங்கியது. இப்போது அதில் துணிதான் காய்கிறது. அதைத் தள்ளிவிட்டு, மதியத்துக்குள் சின்ன அறையில் ஓர் ஆஸ்பத்திரியே கட்டிவிட்டேன். தொட்டி, அதற்கு ஒரு மேஜை, தண்ணீரைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர், குமிழி விடும் பம்ப், பெரிய தொட்டியில் ஊறிப் பழகிய ஒரு பஞ்சு வடிகட்டி. ஆஸ்பத்திரித் தொட்டியில் மணல் கூடாது, பாறை கூடாது. நோயாளி ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும். உப்பை அளந்து கரைத்தபோது சீட்டியே அடித்தேன்.

உப்பு கரைந்து தண்ணீர் தெளிந்தபோது மனைவி கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சரி, எல்லாரையும் புடிங்க."

"எல்லாரையுமா? மேனேஜரை மட்டும்தானே?"

"தொத்து நோய்னு சொன்னது யாரு? ஆறு பேரும் ஒரே தண்ணியில இருந்தவங்க."

"மத்தவங்கெல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

"இன்னிக்கு நல்லா இருப்பாங்க. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். அந்தக் கிருமி மீன் உடம்புல இருந்து இறங்கி மணல்ல ஒளிஞ்சு பெருகுமாமே? ஒரு மீன்கூட இல்லாம பெரிய தொட்டி பல வாரம் கிடக்கணுமாம். அப்பதான் அது பட்டினியில சாகுமாம்."

"இறாலு?"

"இறாலுக்கும் நத்தைக்கும் அது வராது. அதுங்க இருக்கட்டும்."

நான் சொன்னது அத்தனையும் பொய். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையோடு எப்படி வாதாடுவது?

பாறைக்குள் ஒளிந்த மீனைப் பிடிக்கப் பாறையைப் பிரித்தாக வேண்டும். நான் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அடுக்கிய மலை, கல் கல்லாக வாளிக்குள் இறங்கியது. அவள் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வழிகாட்டினாள்.

"இடது பக்கம்... மெதுவா... பின்னாடி பாருங்க... ஏன் இவ்வளவு பதட்டம்? நிதானமா திருப்புங்க..."

தினமும் நான் மற்றவர்களிடம் சொல்கிற வார்த்தைகள். கேட்பதற்கு இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. மேனேஜர் மட்டும் வலைக்கு வலை டிமிக்கி கொடுத்தார். கடைசியில் கையைத் தோள்வரை தொட்டிக்குள் விட்டு, முகத்தில் உப்புத்தண்ணீர் வழிய, அவரைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேலை போனவரின் வேதனை இருந்தது.

மறுநாள் கூடத்துப் பக்கமே போக முடியவில்லை. அத்தனை பெரிய தொட்டியில் இறால் தனியாக மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. சின்ன அறையிலோ ஒரே குழாய்க்குள் ஐந்து மீன்கள், நெரிசலான பேருந்துபோல். மேனேஜர் மட்டும் மூலையில் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். தீனி போட்டேன். திரும்பவில்லை. பிடித்த கடற்பாசியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இல்லாத நோயைச் சொல்லி இருக்கிற மீனைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். கையில் ஒரு சின்னப் பாட்டில்.

"என்னது அது?"

"செம்பு மருந்து. வெள்ளைப்புள்ளிக்கு இதுதானாம். அளவு கொஞ்சம் தப்பினா மீன் போயிடும்னு சொன்னாங்க."

"நாளைக்குப் பாத்துக்கலாமே?"

"நோயை முத்தவிடக் கூடாதுங்க."

"இன்னிக்கு அவருக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு..."

"முதுகுதான் தெரியுது" என்றபடி சொட்டு விடும் குழலைத் தொட்டிக்கு மேலே நீட்டினாள். நுனியில் ஒரு துளி திரண்டது. கனத்தது. விழப் போனது.

"ஊத்தாதே!" என்று கத்தினேன். "அதுங்களுக்கு ஒரு நோயும் இல்ல! நோய் எனக்குத்தான்!"

"உங்களுக்கு என்ன?"

"கடல்குதிரை."

அவள் குழலைத் தன் வாய்க்கு மேலே பிடித்து, துளியை நாக்கில் விட்டுக்கொண்டாள். நான் அலறிவிட்டேன்.

"குடிக்கற தண்ணிங்க" என்றாள். "வயித்துவலின்னு படுத்திருக்கற பசங்களைத் தினமும் பாக்கறேன். யாருக்கு நிஜமா வலின்னு ஊசியை எடுத்தாத்தான் தெரியும்."

அப்புறம் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கம்தான் முந்திக்கொண்டது. இருவருமாக மீன்களைக் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். மலையைத் திரும்ப அடுக்க அவளே கல் எடுத்துக் கொடுத்தாள். மேனேஜர் ஒரு சுற்று வந்தார், இறாலை முறைத்தார், கடற்பாசியைப் பிய்த்துத் தின்றார். என் உயிர் திரும்பி வந்தது. சொட்டச் சொட்ட நின்ற என் தலையை அவள் துண்டால் துவட்டிவிட்டாள்.

"அந்தக் குதிரை அவ்வளவு புடிச்சிருக்கா?"

"ம்."

"சரி, வாங்கிடலாம்."

"ஒரு வீடு, ஒரு தொட்டின்னு சொன்னியே?"

"வீட்டுக்குத்தானே ஒண்ணு?"

அந்த வாக்கியத்தை நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கும்போது நான் யோசிப்பதில்லை.

மறுநாள் வேலை முடிந்து பறந்து வந்தேன். சின்ன அறையில் தொட்டி இல்லை. மேஜை இல்லை. சைக்கிள் பழைய இடத்தில் துணி காயவைத்துக்கொண்டிருந்தது. போன் செய்தேன்.

"தொட்டி எங்கம்மா?"

"வார்டுல. ஊசிக்குக் காத்திருக்கற பசங்க ஒரே அழுகைங்க. பாக்கறதுக்கு ஏதாவது வேணும்னு பெரிய டாக்டர்கிட்ட ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தேன். நீங்க ஒரு தொட்டி குடுக்கறீங்கன்னு சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

"நான் எப்ப குடுக்கறேன்னு சொன்னேன்?"

"நான் சொல்லிட்டேன். குதிரையும் வந்தாச்சு. கவனிச்சுக்க ஆள் வேணுமேன்னார். அனுபவசாலி ஒருத்தர் இருக்காருன்னேன். வரும்போது உப்பு எடுத்துட்டு வாங்க."

உப்போடு போனேன். வார்டின் ஓரத்தில் என் தொட்டி. அதற்குள் என் கடல்குதிரைகள், வாலோடு வால் கோத்து. கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன மூக்குகள். ஒரு பொடியனுக்கு ஊசி போட்டே முடித்துவிட்டார்கள், அவன் அழ மறந்து, "அது எப்பிடி அங்கிள் தூங்கும்?" என்று என்னைக் கேட்டான். கோபமாக வந்தவன் நான். சட்டைக் கையை மடித்துக் கண்ணாடியைத் துடைத்தேன். உப்பின் அளவைப் பார்த்தேன். கடல்குதிரைகளில் அப்பாதான் பிள்ளை சுமப்பார் என்று விளக்கியபோது வார்டே வாய் பிளந்தது. தூரத்திலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் இத்தனை பேர் என் பேச்சைக் கேட்டதில்லை.

அப்போது காவலாளி வந்து என் தோளைத் தொட்டார்.

"பார்வையாளர் நேரம் முடிஞ்சுது சார், கிளம்புங்க."

"நான் சிஸ்டரோட வீட்டுக்காரர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"தெரியும் சார். முதல்ல உங்களைத்தான் அனுப்பச் சொன்னாங்க."