பிரபுவோட கித்தார எடுக்கப் போனேன்

மக்களே, போன சனிக்கிழமை எனக்கு வேலை ரெண்டே ரெண்டுதான். மலாக்கா டவுன் நகைக்கடையில தாலி எடுக்கணும். பாயா ரும்புட்ல இருக்கிற கடையில, சரி பண்ணக் குடுத்த கித்தார எடுக்கணும். எடுத்துக்கிட்டு தஞ்சோங் கிளிங்ல இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போகணும்.

மறுநாள் என் மச்சான் பிரபுவுக்குக் கல்யாணம். தாலி அவன் கட்டுறதுக்கு. கித்தார் ராத்திரி டின்னர்ல பொண்ணு முன்னால வாசிக்கிறதுக்கு.

இதுல முக்கியமான விசயம் என்னன்னா, கல்யாணமாகி இத்தனை வருசத்துல அத்தை என்னை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு இது. இதுக்கு முன்னாடி பாசாருக்கு அனுப்புனாங்க. மல்லிக்குப் பதிலா புதினா வாங்கிட்டு வந்தேன். அதோட நிறுத்திட்டாங்க.

அதனால இந்த வாட்டி ரொம்ப உசாரு. தாலியை எடுத்து, ரெண்டு வாட்டி பார்த்து, சட்டைப் பைக்குள்ள வச்சு, பட்டனையும் போட்டேன். ரெண்டு வீட்டு ஆளுங்களும் இருக்கிற கல்யாண குரூப்ல "தாலி எடுத்தாச்சு"ன்னு மெசேஜ் போட்டேன்.

அத்தை கும்பிடுற கை ஒன்னு அனுப்புனாங்க. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு!

அப்புறம்தான் கித்தார் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அந்தோணி அங்கிள். உள்ள அவருக்கும் சிம்பாங் அம்பாட்லேருந்து வந்த லாரி டிரைவர் குமார் அண்ணனுக்கும் பெரிய சண்டை. மலாக்கா தமிழ் பேண்டுகள்ல பெரிய கித்தாரிஸ்ட் யாரு? மைக்கலா, ரவியா?

"மைக்கல் வாசிச்சா விரல் நகர்றதே தெரியாது. கண்ண மூடிக் கேட்டா ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி இருக்கும்"னு அங்கிள் சொல்றாரு.

"கண்ண எதுக்கு மூடணும்? ரவி வாசிச்சா கண்ணத் தொறந்து பாக்கணும் லா! எங்க எஸ்டேட் திருவிழால முட்டி போட்டு, கித்தாரத் தூக்கி, பல்லால வாசிச்சாரு!"

"பல்லால வாசிச்சா அவரு பல் டாக்டர்கிட்ட போகணும். என் கடைக்கு ஏன் வர்றாரு?"

நான் என்ன பண்ணியிருக்கணும்? "அங்கிள், பிரபு கித்தார்"னு கேட்டு, வாங்கிட்டு, கெளம்பியிருக்கணும். எனக்குக் கித்தார்ல எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னுகூடத் தெரியாது. ஆனா கருத்து இருக்கே!

"யாரு வேகமா வாசிக்கிறாங்களோ அவங்கதானே பெரிய ஆளு?"ன்னு கேட்டுட்டேன்.

ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. வேகமா போறதுக்கு இது என்ன பஸ்ஸான்னு குமார் அண்ணன் கேட்டாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு.

"எங்க மச்சான் பிரபு வாசிச்சு நீங்க கேட்டதில்ல"ன்னேன்.

அந்தோணி அங்கிள் மெதுவா கண்ணாடியைக் கழட்டுனாரு. "தம்பி, ஒங்க மச்சான் இதக் கொண்டாந்து, சத்தம் சரியா வரல அங்கிள்னாரு. நான் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். வந்துருச்சு."

அதுக்கு மேல குடும்ப மானத்தை நான் காப்பாத்த முயற்சி பண்ணல.

ஆனா சண்டை சூடாயிருச்சு. பேசிப் புண்ணியமில்ல, வாசிச்சே காட்டுறேன்னு அங்கிள் பிரபுவோட கித்தாரை உறையிலேருந்து உருவி, மைக்கல் ஸ்டைல்ல கொஞ்சம் வாசிச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே இருந்துச்சு.

"இங்க குடுங்க!"ன்னு குமார் அண்ணன் பிடுங்கிட்டாரு. "ரவி ஒரு கம்பிய மேல இழுத்து அழ வைப்பாரு பாருங்க, அதான் வாசிப்பு!"

இழுத்தாரு. கம்பி கொஞ்சம் அழுதுச்சு. இன்னும் இழுத்தாரு.

டிங்!

"போச்சுடா, தாலி அறுந்துருச்சு"ன்னாரு அங்கிள்.

மலாய்ல கயிறு, கம்பி எல்லாமே 'தாலி'தான். அந்தக் கடையில முக்காவாசி பேச்சு மலாய்லதான், அதனால கித்தார் கம்பிக்குப் பேரே தாலி. எனக்கும் அப்ப அது வித்தியாசமாப் படல, சத்தியமா!

அங்கிள் கம்பியைத் தடவிப் பார்த்தாரு. "துரு புடிச்சிருக்கு தம்பி. ஒன்ன மட்டும் மாத்தி புண்ணியமில்ல, ஆறையும் மாத்திரலாம். வெண்கலம் இருக்கு, இரும்பு இருக்கு. எது போடட்டும்?"

பிரபுவுக்குப் போன் பண்ணேன், எடுக்கல. நலங்கு வச்சுக்கிட்டு இருப்பாங்க. சரி, யாராவது கேட்டுச் சொல்லட்டும்னு கல்யாண குரூப்லயே அடிச்சேன்:

"தாலி அறுந்துருச்சு. துரு பிடிச்சிருந்துச்சாம். ஆறையும் மாத்தணும்னு சொல்றாரு. வெண்கலம் போடவா, இரும்பு போடவா? பிரபுகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அனுப்பிட்டு, வெளிய நிறுத்தியிருந்த என் காடிக்குள்ள போனைச் சார்ஜ்ல போட்டுட்டு உள்ள வந்துட்டேன். ஏன்னா ரவி தோத்துட்டாருன்னு அங்கிள் சொல்றாரு, கம்பியை அறுக்குற அளவுக்கு வாசிக்கிறவன்தான் கலைஞன்னு குமார் அண்ணன் சொல்றாரு. இதுல எனக்கும் ஒரு கருத்து இருந்துச்சு.

ஒருவழியா அங்கிளே பார்த்து வெண்கலம் போட்டுக் கொடுத்தாரு. காடிக்கு வந்து போனைப் பார்த்தா, என் பொண்டாட்டி கலாகிட்டேருந்து அத்தனை மிஸ்டு கால்! திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? அம்மா அழுவுறாங்க. சீக்கிரம் வாங்க!" சொல்லிட்டு வச்சுட்டா.

கித்தாரப் பின் சீட்ல போட்டுட்டு மாமியார் வீட்டுக்கு விரட்டுனேன். யாருக்கு என்னாச்சோ!

வாசல்ல செருப்பு குவிஞ்சு கிடக்கு. கூடத்துல பிரபு மூஞ்சி பூரா மஞ்சளோட பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான். நகைக்கடைக்காரரே நேர்ல வந்து, "சுத்தத் தங்கம்மா, எங்க கடையில எப்படிம்மா துரு பிடிக்கும்?"னு அத்தைகிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்காரு. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டுறாரு. பொண்ணோட அப்பா நடுவுல நிக்கிறாரு.

என்னைப் பார்த்ததும் அவரு கேட்டாரு: "தம்பி, எம்பொண்ணுக்கு ஒரு தாலி. மீதி அஞ்சு யாருக்கு?"

எல்லாரும் பிரபுவைத் திரும்பிப் பார்த்தாங்க.

"அதுவும் இரும்புல!"ன்னு பின்னாலேருந்து ஒரு அக்கா சேத்துக்கிட்டாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சட்டைப் பையைத் தொறந்து தாலியை எடுத்து அத்தை கையில வச்சேன். தங்கம் அப்படியே இருக்கு. கித்தாரை உருவி ஆறு கம்பியையும் காட்டுனேன். "அறுந்த தாலி இது இல்லத்தே. தாலி அது. கித்தார் தாலி!"

முதல்ல சிரிச்சது பொண்ணோட அப்பாதான். அப்புறம் வீடே சிரிச்சுது. பிரபு மட்டும் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டான், பாவம்.

அத்தை சிரிக்கல. கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. "எப்படி மாப்ளே அறுந்துச்சு?"

யாரு பெரிய கித்தாரிஸ்ட்டுங்கிற சண்டையை முழுசா சொன்னேன். மைக்கல், ரவி, பல்லு, எல்லாம்.

பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "எந்தாலிய அறுக்காம எவன் வாசிக்கிறானோ, அவன்தான் பெரிய கித்தாரிஸ்ட்டு!"

மறுநாள் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ஆளாளுக்கு ஒரு பொறுப்பு. எனக்குப் பந்தியில தண்ணி ஊத்துற வேலை. என் போன் அத்தையோட ஹேண்ட்பேக்ல.