பத்துக்கு நாலு

மனித குலத்தின் ஆதிப் பகைவனான வலியைப் பூண்டோடு ஒழித்துக்கட்டிய பெருமை, அந்த மருத்துவமனையின் முதியோர் வார்டையே சேரும். அங்கே யாருக்கும் வலி கிடையாது. சந்தேகமிருந்தால் நிர்வாகத்தையே கேட்டுக்கொள்ளலாம்.

இடுப்பெலும்பு அறுவை முடிந்து அங்கே வந்து சேர்ந்தார் ஒரு கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கறார்த்தனத்திலிருந்து பெறாதவர். கடவுளே பரீட்சை எழுதினாலும் கையெழுத்துக்கு இரண்டு மதிப்பெண் வெட்டுவார்.

"ஐயா, வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டாள் நர்ஸ்.

தொடைக்குள் யாரோ ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் உலகத்தில் இதைவிடப் பெரிய வலி இருக்கத்தானே செய்யும்? மதிப்பெண்ணை வாரி இறைப்பவரா அவர்?

"நாலு."

"சந்தோஷம்யா."

ஐந்துக்குக் கீழே இருப்பது 'வலி' ஆகாது என்று வலி மேலாண்மைக் குழு, பிஸ்கட் தீரும்வரை விவாதித்து முடிவெடுத்திருந்தது. மாத்திரை வண்டி அவரைத் தாண்டி உருண்டது.

எழுந்து நடக்க மறுத்தார். 'ஒத்துழைப்பு இல்லை' என்றார்கள். சோறு வேண்டாமென்றார், 'பிடிவாதம்' என்றார்கள். தூங்காமல் முனகினார்; 'வயதுக் குழப்பம்' என்றார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள், வலியைத் தவிர.

பார்க்க வந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, வலிக்குதா?"

"சேச்சே, வலியெல்லாம் இல்ல. திரும்பிப் படுக்க முடியல. இருமினா உயிர் போகுது. அவ்வளவுதான்."

அவள் நேரே போய் டூட்டி டாக்டரைப் பிடித்தாள். "படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டி ஆபத்தாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? அவர்கிட்ட நம்பர் கேக்காதீங்க தம்பி. ஒரு தடவை திரும்பச் சொல்லிட்டு மூஞ்சியைப் பாருங்க."

டாக்டர் வந்து திரும்பச் சொன்னார். வாத்தியார் பாதி திரும்பினார், தலையணையைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஐயா, இதுவா நாலு?"

வாத்தியார் மூச்சு வாங்கியபடி மறுபரிசீலனை செய்தார். "வேணும்னா கருணை மதிப்பெண் சேர்த்து நாலரை போட்டுக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. உடனே மருந்து எழுதினார். சாயங்காலம் வாத்தியார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடந்து திரும்பி, "சாப்பிட என்ன இருக்கு?" என்றார். அவள் மடித்து வைத்திருந்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

கணினி அரை மதிப்பெண்ணை ஏற்கவில்லை. நாலு நாலாகவே நின்றது.

மறுநாள் 'வலியற்ற வார்டை'ச் சுற்றிக்காட்ட விருந்தினர்களோடு வந்த மருத்துவமனை இயக்குநரின் சுண்டுவிரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அலறலில் கட்டடமே அதிர்ந்தது. அங்கேயே ஒரு படுக்கையில் அவரைக் கிடத்தினார்கள். ஊசி வந்தது, பனிக்கட்டி வந்தது, எக்ஸ்ரே மெஷினே படுக்கையைத் தேடி வந்தது. பத்துக்கு எவ்வளவு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த மாத அறிக்கை பெருமிதத்தோடு அறிவித்தது: 'முதியோர் வார்டில் வலி கண்டறியப்பட்டவர் ஒரே ஒருவர். இயக்குநர்.'