ஆறிப்போன தோள்கறி

காலை ஆறு ஐம்பது. நாளிதழுக்கு என் ஆயிரத்து நூற்று ஏழாவது பத்தி. குறி: ரேடியோ.

ரேடியோ என்பவர் என் மனைவியின் அண்ணன். பெயர் வைத்தவன் நான். பேச ஆரம்பித்தால் அணைக்கும் பொத்தான் கிடையாது. அவருக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது. அவர் மனைவி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். 'தனியா இருக்கேன். ஒரு ஆறு மாசம் அங்க வரலாமான்னு பாக்குறேன். மாப்பிள்ளை மனசுல என்ன இருக்கோ' என்று தங்கையிடம் கேட்டிருந்தார்.

மாப்பிள்ளை மனதில் முன்னறை இருந்தது. வந்தால் என்னுடைய அந்த அறையைத்தான் அவருக்குத் தர வேண்டும். ஒரு கட்டில், ஒரு மேஜை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. முப்பத்தொரு வருடமாகப் பத்திரிகை அலுவலகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான் சொத்து.

"ஏங்க, அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

"யோசிக்கணும்."

"மூணு நாளா யோசிக்கிறீங்க. அதுக்குள்ள ஒரு பாலமே கட்டி முடிச்சிருப்பாங்க."

'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் இந்த வீட்டில் எனக்கு ஒதுக்கப்படவில்லை. எனவே பத்தியில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் நாளிதழில் ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளையும் பிறப்பையும் நான்தான் எழுதுகிறேன். நான்கு வருடமாக. பொருள் அகராதியில் கிடைத்துவிடும். பிறப்புதான் தொல்லை. 'கிக் த பக்கெட்', அதாவது வாளியை உதைத்தால், ஆள் செத்துப்போனான் என்று ஏன் பொருள் என்பதற்கு மூன்று கதைகள் பார்த்தேன். மூன்றும் நம்பும்படி இல்லை. மூன்றையும் எழுதி மூன்று நாள் ஓட்டினேன். ரேடியோ அவற்றையும் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார். என் பத்தியில் ஒரு வரி விடாமல் படிக்கும் ஒரே உறவினர் அவர்தான்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கணினித் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண் மருத்துவர் தடை போட்டுவிட்டார். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனைவி தட்டச்சு செய்வாள். அவளே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாள். அச்சில் வந்ததை நான் படிப்பதில்லை. மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுக்குப் போய் மிட்டாய் தின்பாரா?

"சொல்லுங்க," என்றாள். விரல்கள் தயார்.

"கோல்டு ஷோல்டர். குளிர்ந்த தோள். ஒருவரை முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்குவது."

"ம்."

"பிறப்பு. அந்நாளில் அந்நாட்டில் விருந்தாளி வந்தால் சுடச்சுடக் கறி பரிமாறுவார்கள். அவர் கிளம்புகிற வழியாக இல்லை என்றால், ஆறிப்போன தோள்கறியைத் தட்டில் வைப்பார்கள். அறிவுள்ளவர் அன்றே மூட்டை கட்டுவார்."

"எந்த ஆட்டுத் தோளு?"

"ஏதோ ஒரு ஆடு. அதிலும் அறிவாளி, தட்டு வருவதற்கு முன்பே புரிந்துகொண்டு, வராமலே இருந்துவிடுவார். இதைத் தனி வரியாப் போடு."

"போட்டாச்சு."

அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. இந்தக் கதையை அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நானும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ரேடியோ ஒப்புக்கொள்வார். அது போதும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி.

"மாப்பிள்ளை!" குரல் தழுதழுத்தது. "படிச்சேன் மாப்பிள்ளை. ரெண்டு தடவை படிச்சேன்."

"மச்சான், அது பொதுவா எழுதினதுதான்..."

"எதுவும் சொல்லாதீங்க. ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? வெள்ளிக்கிழமை வந்துடுறேன்."

வைத்துவிட்டார். அவரே முதலில் வைத்தது அன்றுதான். நான் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக என் பத்தியைப் படித்தேன்.

'அந்நாட்டில் குளிர் அதிகம். விருந்தாளி வந்தால், வீட்டுக்காரர் தன் கம்பளியை அவருக்குப் போர்த்திவிட்டுத் தன் தோள் குளிர நிற்பார். தன் அறையையும் கொடுப்பார். பிற்காலத்தில்தான் இத்தொடரின் பொருள் கெட்டுப்போனது. இதை எழுதும்போது என் மைத்துனரை நினைக்கிறேன். முன்னறை அவருக்காகக் காத்திருக்கிறது.'

சமையலறைக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"நல்லா வந்திருக்கு இல்ல? உங்க படம்கூடப் பெருசாப் போட்டிருக்காங்க."

"நான் சொன்னது தோள்கறி."

"நீங்க சொன்னது நெசமா?"

"நெசம்னு... உறுதியா சொல்ல முடியாது."

"நான் எழுதினதும் அப்படித்தான். ரெண்டு பொய்யில எது ஒரு மனுஷனுக்கு உதவுமோ, அதைப் போட்டேன்."

"நாளைக்கே திருத்தம் போடுறேன். எழுதினது நான் இல்லைன்னு."

"போடுங்களேன்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். "சொல்லுங்க, அடிக்கிறேன். 'நான் எழுதுவதை நானே படிப்பதில்லை. நான்கு வருடமாகப் படித்ததில்லை.' இதுவும் தனி வரியா?"

"நாலு வருஷமா இதுக்கு முன்னாடியும் மாத்தியிருக்கியா?"

"எப்பவாவது. நீங்க தூங்கிட்டா."

"நான் எப்பத் தூங்கினேன்?"

"ரெண்டாவது பாராவுலயே குறட்டை வந்துடும். முடிவெல்லாம் யார் எழுதினதுன்னு நெனச்சீங்க?"

கட்டிலில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து பக்கப் பொறுப்பாளர் கூப்பிட்டார். வாசகர்களின் மின்னஞ்சல்கள் குவிகின்றனவாம். "சார், வழக்கமா உங்க முடிவுதான் நல்லா இருக்கும். இந்தத் தடவை ஆரம்பத்திலேருந்தே நல்லா இருக்கு," என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

ரேடியோ வெள்ளிக்கிழமை மூன்று பெட்டிகளோடு வந்தார். நான் கூடத்துச் சோபாவுக்கு மாறினேன். அதில் கால் நீட்ட இடமில்லை. முன்னறைக்குள்ளிருந்து பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினாலும் கேட்டது.

அவர் கேட்ட ஆறு மாதம் முடிந்த ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வாசல் கதவில் மைத்துனரின் பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. ஆணி அடித்தவன் நான்.