யார்நீங்க மேடமும் பஸ் நேர மெயிலும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் தேடினாலும் ‘யார்நீங்க மேடம்’ போல யாரையும் நம்பாத பிறவி கிடைக்காது. கண்ணாடியில் தன் முகம் தெரிந்தால் அதனிடமும் அடையாள அட்டை கேட்பார் என்பது எங்கள் ஆலையில் பேச்சு.

அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாதுகாப்பு நடத்தும் பேராசிரியை. அந்தக் கல்லூரியும், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாக ஆலையும், அரசுத் துறை ஒன்றும் சேர்ந்து இணையத் திருட்டைத் தடுக்க ஒரு திட்டம் போட்டன. கல்லூரி சொல்லித்தரும், ஆலை செய்து பார்க்கும், அரசு மேற்பார்வை பார்க்கும். நான் ஒருங்கிணைப்பாளர். அதாவது மூன்று தரப்புக்கும் டீ சொல்லி, மூன்று தரப்பிடமும் கையெழுத்து வாங்கி, கூட்டக் குறிப்பு எழுதுபவள். ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்ததும் நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரியாது. பகலில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வரும் இரண்டு வயது மகள். அந்த வருடமே எனக்குப் பாதித் தூக்கத்தில்தான் ஓடியது.

போனில் யார் கூப்பிட்டாலும் மேடத்தின் முதல் கேள்வி, "யார் நீங்க?" பெயரைச் சொன்னதும் டக்கென்று வைத்துவிடுவார். பிறகு தன் நோட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து அவரே திரும்பக் கூப்பிடுவார். ஒரே நாளில் ஆறு முறை பேசினாலும் ஆறு முறையும் இதேதான். நான்தான் ஏதோ மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று முதல் வாரம் முழுக்கக் கவலைப்பட்டேன்.

ஒருமுறை அரசு அதிகாரியே கூப்பிட்டார். அவருக்கும் அதே கதிதான். மேடம் துறையின் பொது எண்ணுக்கு அடித்து, நான்கு மேசை தாண்டி அவரைப் பிடித்தார்.

"ஏம்மா, எனக்கேவா?"

"இப்பதான் சார் நீங்கதான்னு உறுதியாச்சு. சொல்லுங்க."

"என்ன சொல்ல வந்தேன்னே மறந்துடுச்சும்மா."

இன்னொரு நாள், யார் தடுக்கிறார்கள் என்று பார்க்க, மேடமே அட்டை எதுவும் காட்டாமல் எங்கள் ஆலையின் சர்வர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. செக்யூரிட்டி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவ்ளோ வெயிட்ட தூக்கினு வர்றீங்களேன்னு நான்தான் மேடம் கதவ தொறந்துவுட்டேன். உள்ள இன்னா கீது?"

"பழைய பேப்பர்."

"அடப்பாவமே! இத்த வெளிய தூக்கினு போவவும் நான்தானா?"

"யார் நீங்கன்னு கேட்டுட்டு தூக்குங்க."

திட்டத்தில் ஒரு சோதனையும் உண்டு. கல்லூரி ஒரு பொய் மெயில் அனுப்பும். யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கும்தான். ஒரு வியாழக்கிழமை முற்பகலில் மெயில் ஒன்று வந்தது: ‘திங்கள் முதல் கம்பெனி பஸ் நேரம் மாறுகிறது. உங்கள் ரூட்டைப் பார்க்க உள்நுழையவும்.’ எங்கள் பக்கத்தில் பஸ் நேரம் என்றால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். என் மகளின் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும். பஸ் அரை மணி தள்ளிப்போனால் என்ன செய்வேன்? அதற்குமேல் யோசிக்கவில்லை. பாஸ்வேர்டை அடித்துவிட்டேன். திரை வெள்ளையாக நின்றது. அப்போதுதான் அது பொய் மெயிலாக இருக்குமோ என்று உறைத்தது.

சொன்னால், ஒருங்கிணைப்பாளரே ஏமாந்தாள் என்று வேலை போகும். சொல்லாமல் விட்டு அது நிஜத் திருட்டாக இருந்தால், ஆலையே நின்றுபோகும். இப்படியும் அப்படியுமாக யோசித்துவிட்டு மேடத்துக்கு அடித்தேன்.

"யார் நீங்க?" வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"மேடம், பஸ் மெயில்ல பாஸ்வேர்ட போட்டுட்டேன்."

"எவ்ளோ நேரமாச்சு?"

"நாலு நிமிஷம்."

"முதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க. அப்புறமா அழுங்க."

அது கல்லூரி அனுப்பிய சோதனை மெயில்தான். அடுத்த வாரம் அதைப் பற்றி மூன்று தரப்புக் கூட்டம். ஆலை மேலாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். "யார் யார் ஏமாந்தாங்கன்னு லிஸ்ட் வேணும். கான்ட்ராக்ட் ஆளுங்கன்னா ரினியூ பண்றதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

"பேர் தர மாட்டேன் சார்," என்றார் மேடம். "ஏமாந்தவங்க நிறைய பேர். தானா வந்து சொன்னவங்க ஒருத்தர்தான். இப்ப பேர் போட்டீங்கன்னா அடுத்த தடவை அந்த ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நிஜத் திருடன் வந்தா, ப்ரொடக்ஷன் லைன் நின்னப்புறம்தான் உங்களுக்கே தெரியும்."

"இது எங்க ஆலை மேடம். லிஸ்ட்ட குடுங்க."

"சரி சார்." கோப்பைத் திறந்தார். "அகர வரிசைல படிக்கட்டுமா, பதவி வரிசைலயா?"

மேலாளர் காரில் வருகிறவர். கம்பெனி பஸ்ஸில் ஏறியதே இல்லை. ஆனால் தன்னைக் கேட்காமல் பஸ் நேரத்தை யார் மாற்றினார்கள் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியுமா? ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"எண்ணிக்கை மட்டும் போதும் மேடம்."

"எங்களுக்கும் அதுவே போதும்," என்றார் அரசு அதிகாரி, கொஞ்சம் அவசரமாக. திட்டத்துக்காக அவருக்கும் எங்கள் ஆலையில் ஒரு மெயில் ஐடி கொடுத்திருந்தோம்.

கூட்டம் முடிந்ததும் குறிப்பை மேடத்திடம் கையெழுத்துக்கு நீட்டினேன். ‘ஒருவர் தன் தவறை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘ஒருவர் உடனே எச்சரித்தார்’ என்று எழுதினார்.

"உடனே இல்ல மேடம், நாலு நிமிஷம் பயந்துகிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அதுக்குப் பேர்தான் உடனே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. திட்டம் முடிந்து அவர் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார். தொலையவே கூடாத காகிதம் என்று என் வீட்டில் இருப்பது மகளின் தடுப்பூசி அட்டை ஒன்றுதான். மேடம் திருத்திய அந்தக் குறிப்பின் நகலும் அந்த அட்டை இருக்கும் உறைக்குள்தான் இருக்கிறது.