மதினி அனுப்பிய பனிப்பலகை

கிராண்ட் ஃபோர்க்ஸ்,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த வேரா மதினி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் நிக் செர்னாஃப் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் லூபாவும் சௌக்கியம். சௌக்கியம் என்பதில் என் இடது இடுப்பைச் சேர்க்கவில்லை. கால்கரியில் தாங்களும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நவம்பரில் லூபாவின் பிறந்தநாளுக்குத் தாங்கள் அனுப்பிய வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது, ஊறுகாய் அப்போதே தீர்ந்தும் போனது. கூடவே வந்த மற்றொரு சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்ப்பவர்கள், தங்கைக்குப் பனியில் சறுக்கும் பலகை, ஸ்னோபோர்டு ஒன்று அனுப்பினீர்கள், அதில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பெண்களுக்கென்றே செய்தது, மலை முழுவதற்கும் இது ஒன்றே போதும் என்று கூட வந்த அட்டையில் போட்டிருந்தது. நான் வாசித்துவிட்டுச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்று விற்கிற சாமான் எதற்குமே ஒத்துவராது என்பது என் அனுபவம். எங்கள் வீட்டுப் பனி தள்ளும் இயந்திரமே அதற்குச் சாட்சி. ஆனால் மூன்று மாதமாகப் பார்த்துவிட்டேன், அந்த அட்டையில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் என் புகார்.

தங்களுக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து நானும் லூபாவும் சனிக்கிழமை தவறாமல் மலைக்குப் போகிறவர்கள், இருவருக்குமே காலுக்கு ஒன்றாக மாட்டிச் சறுக்கும் ஸ்கீதான். முழங்கால் தகராறு செய்ததால் இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவள் ஸ்கீயை விட்டு, இரண்டு காலையும் ஒன்றிலேயே கட்டிக்கொள்ளும் பலகைக்கு மாறினாள். பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய பழைய பலகையைக் கொடுத்தார். ஆண்பிள்ளைக்குச் செய்தது, கதவு அகலம் இருக்கும், விறகுக்கட்டை மாதிரி வளையாது. லூபாவின் பாதம் அதன் ஓரத்துக்கே எட்டாது, திரும்புவதற்கு உடம்பு முழுவதையும் போட்டு முறுக்க வேண்டும், முறுக்கினால் விழுவாள். விழுந்தால் நான் கீழே நின்று காத்திருப்பேன், ஏறிப்போய்க் கைகொடுத்துத் தூக்குவேன், தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன் மதினி, அந்த இரண்டு குளிர்காலமும் எனக்குப் பொற்காலம்.

பிறகு தங்கள் பலகை வந்தது. முதலில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய சரிவில் பார்த்தோம். இது அவள் பாதத்துக்குத் தக்கபடி நடுவில் ஒடுங்கியிருக்கிறது. கால்விரலைச் சற்று அழுத்தினால் ஒரு பக்கம் திரும்புகிறது, குதிகாலை அழுத்தினால் மறுபக்கம். நான் கீழே வந்து சேர்ந்தபோது அவள் மறுபடி மேலே ஏற்றிப்போகும் கம்பி நாற்காலி லிஃப்டின் வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "என்னய்யா, வழியில யாரையாவது பாத்துப் பேசிட்டு நின்னுட்டியா?" என்றாள். நான் யாரையும் பார்க்கவில்லை. சரி, சீவிவிட்ட சரிவில் யார்தான் வரமாட்டார்கள், பனிக்கட்டி வரட்டும் என்று இருந்தேன். ஜனவரியில் மழை பெய்து அப்படியே உறைந்துபோய் மலை முழுக்கக் கண்ணாடியானது, நானே வலியப்போய், "வா லூபா, மேல போலாம், காத்தாட இருக்கும்" என்று அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பலகையின் ஓரம் ரொட்டி வெட்டும் கத்தி மாதிரி அலை அலையாக இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன், அதுவும் மல்லாந்து கிடந்தபடி. அவள் கறகறவென்று கோடு கிழித்துக்கொண்டு இறங்கினாள். நான் இடுப்பாலேயே இறங்கினேன். கீழே ஆரஞ்சு வலை கட்டியிருந்ததால் நின்றேன். 'மெதுவாகச் செல்லவும்' என்ற அறிவிப்பையும் என்னோடு கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்தது புதுப் பனி. புதுப் பனி கொட்டிய நாளில் எங்கள் மலையில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. அப்பனுக்காக மகன் நிற்கமாட்டான், புருஷனுக்காகப் பெண்டாட்டி நிற்கமாட்டாள், அதற்காகக் கோபித்துக்கொள்வதும் மரியாதையில்லை. இந்த வழக்கத்தை நான் முப்பது வருடமாக முழுமனதோடு ஆதரித்து வந்திருக்கிறேன், ஏனென்றால் அத்தனை வருடமும் முன்னால் போனவன் நான். இப்போது என்னவென்றால், அந்தப் பலகைக்கு மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கிறது, பஞ்சுப்பனியில் அமிழாமல் மிதக்கிறது, லூபா கூவிக்கொண்டே போய்விட்டாள். என் பழைய ஒல்லி ஸ்கீ இரண்டும் மூக்கைக் கீழே விட்டுக்கொண்டு உள்ளே போயின. ஒன்று மட்டும் என்னோடு திரும்பி வந்தது. மற்றதைத் தேடி நான் கையால் தோண்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே லிஃப்டில் லூபா போனாள். "அங்க இல்லய்யா, இன்னும் கீழ தோண்டு! ஓன் மூக்குக்கு நேரா!" என்று அங்கிருந்தே கத்தினாள். சொன்ன இடத்தில்தான் இருந்தது, அது இன்னும் எரிச்சல். கீழே வந்தால், லிஃப்டை ஓட்டுகிற கோரி வேறு காத்திருந்தான். "நிக் அண்ணே, அக்கா ரெண்டு சுத்து போயிட்டு வந்துட்டாங்க. நீங்க பாதி வழியில எடம் வாங்கி அஸ்திவாரம் தோண்டுறதா சொல்றாங்களே, நெசமா?" என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மரங்களுக்கு நடுவிலும் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பலகை நீளம் குறைவு, நினைத்த இடத்தில் வெட்டித் திரும்புகிறது, அவள் புகுந்து புகுந்து போனாள். நானும் புகுந்தேன், என் தொப்பி புகவில்லை. அது இன்னும் அந்தத் தேவதாரு மரத்தில்தான் தொங்குகிறது. மேடுபள்ளச் சரிவை நான் ரொம்ப நம்பியிருந்தேன், ஏனென்றால் பலகைக்காரர்கள் அங்கேதான் அழுவார்கள். இது வளைந்து கொடுக்கிறது மதினி. அவள் வேகமாகப் போகவில்லை என்பதை மட்டும் தங்கள் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன், ஆனால் விழாமல் போனாள். நான் மூன்றாவது மேட்டோடு ஸ்கீயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்துவிட்டேன்.

மிச்சமிருப்பது ஒரே இடம். சாயங்காலம் எல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்ப, வெட்டுமரம் ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதை ஒன்று உண்டு, வளைவு தாண்டினால் முழுக்கச் சமதரை. பலகைக்காரர்களுக்குக் கையில் ஊன்றித் தள்ளும் குச்சி கிடையாது, சமதரையில் வந்து நின்றால் நின்றதுதான். என்னிடம் இரண்டு குச்சி இருக்கிறது. ஒன்றைப் பின்னால் நீட்டுவேன், லூபா பிடித்துக்கொள்வாள், இழுத்துக்கொண்டு போவேன். மூச்சு வாங்குகிறது, இடுப்பு வலிக்கிறது, ஆனால் மதினி, நாள் முழுக்க நான் உருண்டு புரண்டு எழுந்து வருவது அந்தப் பாதைக்காகத்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இப்போது அந்த மலையில் அவளுக்கு நான் வேண்டியிருப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் ஒரு பெண்கள் கூட்டத்தோடு மலைக்குப் போகிறாள். அவர்கள் இனிமேல் சனிக்கிழமையும் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். என்ன யோசித்தாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் தயவுசெய்து, அந்தப் பலகையில் ஏதோ கோளாறாம், உடனே கடைக்குத் திருப்பி அனுப்பு என்று லூபாவுக்கு ஒரு வரி எழுதவேண்டும். என்ன கோளாறு என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளவும். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. பதிலுக்கு வேறு பலகை ஏதும் அனுப்ப வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அந்தக் கதவு இன்னும் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

சகலையை மிகவும் கேட்டதாகச் சொல்லவும், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். முட்டைக்கோஸ் போர்ஷ்ட் சூப் அடுப்பில் மணக்கிறது, கூரைப் பனியைத் தள்ளினால்தான் சாப்பாடு என்று உத்தரவு, எனவே இத்துடன் முடிக்கிறேன். இந்த விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

தங்கள் நலம் நாடும்,
நிக் செர்னாஃப்

பின்குறிப்பு: அக்கா, இது லூபா. உறையை ஒட்டாமல் என் கையிலேயே கொடுத்து, "தபால்ல போட்டுடு, வாசிக்காத" என்று சொல்லிவிட்டுக் கூரை மேல் ஏறியிருக்கிறார். பலகையில் ஒரு கோளாறும் இல்லை, நீ எதையும் எழுதித் தொலைக்காதே. சனிக்கிழமை வரமாட்டேன் என்று அந்தப் பெண்களிடம் மறுநாளே சொல்லிவிட்டேன். மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை தாள் மிச்சமாகியிருக்கும். இன்னொன்று. நீ சொன்ன மெழுகைப் பலகையின் அடியில் தேய்த்த பிறகு அந்தச் சமதரையில் அது நிற்பதே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் வளைவிலிருந்து ஒரே மூச்சில் கார் வரைக்கும் போய்விடுகிறேன். அவரோடு வரும்போது மட்டும் வளைவிலேயே குதிகாலை அழுத்தி நிறுத்திவிட்டு, "நிக், நின்னுபோச்சுய்யா, குச்சிய நீட்டு" என்று கத்துவேன். கல்யாணமான புதிதில் அவர் எப்படிப் பாடுவார் என்று உனக்குத் தெரியுமே, இப்போது பிரார்த்தனைச் சபையில்கூட வாயை அசைப்பதோடு சரி. என்னை இழுத்துக்கொண்டு போகும்போது பாடுகிறார், அக்கா. தாம் பாடுவது அவருக்கே தெரியவில்லை. நீயும் சொல்லிவிடாதே, தெரிந்தால் நிறுத்திவிடுவார்.