டீ வடிகட்டி வைத்த கார்

எங்கள் வீட்டில் யார் வண்டி வாங்கினாலும் கற்பூரத்தை என் கையில் கொடுக்கமாட்டார்கள். சைக்கிளுக்குக்கூட. நான் கோபித்துக்கொள்வதில்லை. (கோபித்துக்கொள்ள முகம் வேண்டுமே!) எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கவரைப்பேட்டையில் நான் ஒரு காரைக் கொளுத்தியிருக்கிறேன். அதுவும் சாமி கும்பிட்டு.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, கவரைப்பேட்டை ரோட்டோரம் இருந்த ஒரு ஷெட்டுக்கு வேலைக்குப் போவேன். முதலாளி பெயர் சற்குணம். பைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் தொட்டி வேலையையே நிறுத்திவிட்டார். ஒரு பழைய இன்ஜினை வாங்கிப்போட்டு, ஷெட்டில் இருந்த பிட்டர் ஏசுதாஸ் அண்ணனோடு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி, இரண்டு பேர் உட்காரும் ரேஸ் கார் ஒன்றைச் செய்து முடித்தார்.

அதைப் பற்றி எப்படிச் சொல்வது? என் இடுப்புயரம்தான் இருக்கும். நல்ல சிவப்பு. நாலு பேர் பிடித்தால் கட்டிலைத் தூக்குவதுபோலத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். ஆனால் ஸ்டார்ட் செய்தால் என் மேஜைமேல் இருக்கும் டைப்ரைட்டர் தானாக நகரும். அதன் முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்ற வேண்டும்போல எனக்கு இருக்கும். (ஒருமுறை கழற்றியும் இருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.)

கார் செய்தால் மட்டும் போதுமா? விற்க வேண்டுமே. அதற்கு எத்தனை விதி, எத்தனை ஃபாரம்! எல்லாவற்றையும் டைப் அடித்தவள் நான்தான், ஒவ்வொன்றும் நாலு கார்பன் காப்பி. எடையை வைத்துத்தான் வரி என்பதால் காரை ரைஸ் மில் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் முள்ளைப் பார்த்தார், மேடையை ஒரு உதை உதைத்தார், மறுபடி பார்த்தார்.

"இன்னா சார், உள்ள இன்ஜின் கீதா, இல்ல ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

விதிகளில் ஒன்று எனக்கு இன்றும் மனப்பாடம். "விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வண்டியும், பார்வையிடப்பட்ட முதல் வண்டியை எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும்." இதை ரயிலில் லேடீஸ் பெட்டி முழுக்கச் சொல்லிக் காட்டுவேன். சட்டமே என் கைப்பையில் இருப்பதாக நினைப்பு.

காரைப் பார்வையிட்டு அனுமதி தருகிற இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது. வாங்குகிறவர் மெட்ராஸில் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினால் கார் போகும், அடுத்த இரண்டு காருக்கும் வேலை ஆரம்பிக்கும். ஆட்டாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு, எங்கள் மூன்று பேருக்கும் வேலை இல்லை. முதலாளி காலையிலிருந்து காரில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், பூஜை போடாம வண்டிய அவர் முன்னால நிறுத்தினா இன்னா ஆவறது? இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற" என்றேன்.

"போடும்மா, போடு. எது பண்ணாலும் சீக்கிரம் பண்ணு" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. லாரிக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் பானெட் மேலேயே கற்பூரம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நானும் பானெட் நடுவில் ஒரு வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றினேன். ஒரு வில்லை போதாது என்று மூன்று. லாரி இரும்பு. இது பைபர் கிளாஸ் என்று நானே நாலு காப்பி அடித்திருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வந்தால்தானே?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன். மனமுருக வேண்டியதில் நேரம் போனது தெரியவில்லை. ஒரு நாற்றம் வந்தது. கண்ணைத் திறந்தால் வெற்றிலையைக் காணோம், கரும்புகை சுருண்டு மேலே போகிறது, பானெட் கொதிக்கிற கூழாகக் குமிழ் விடுகிறது. ஏசுதாஸ் அண்ணன் ஈரச் சாக்கோடு பாய்ந்து அமுக்கினார். சாக்கை எடுத்தபோது நடுவில் ஒரு ஓட்டை. உள்ளே இன்ஜின் தெரிந்தது.

"பத்திக்கும்னு உனுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும்மா."

"அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"நீ கண்ண மூடி சாமி கும்புட்டுக்கினு இருந்த. நான் வேதக்காரன். குறுக்க பேசினா தப்பா பூடுமோன்னு பாத்துக்கினு நின்னுட்டேன்."

அவரைத் திட்டவா, கையெடுத்துக் கும்பிடவா? முதலாளி ஓடி வந்து ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. ஒன்றரை வருஷ உழைப்பை மூன்று வில்லைக் கற்பூரத்தில் தீர்த்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஜீப் சத்தம்.

ஏசுதாஸ் அண்ணன் அரத்தை எடுத்தார். கருகின விளிம்பைப் பரபரவென்று வட்டமாக ராவினார். சுற்றுமுற்றும் பார்த்தவர், அடுப்போரம் இருந்த எங்கள் டீ வடிகட்டியைப் பிடுங்கி, காம்பை முறித்து, ஓட்டையில் வைத்து அழுத்தினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. (அதில் அன்றைய டீத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது எனக்கு மட்டும் தெரியும்.)

இன்ஸ்பெக்டர் சுற்றி வந்தார். எடைச் சீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு பானெட் முன்னால் நின்றார்.

"இது இன்னாங்க?"

முதலாளி துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். என் வாய்தான் திறந்தது.

"காத்து வர்றதுக்கு சார். இன்ஜின் சூடாவாம இருக்கும்."

"வலை எதுக்கு?"

"தூசி, பூச்சி உள்ள போவாம இருக்க."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல யோசனையா கீதே!" என்று எழுதிக்கொண்டார். ஜீப் போன பிறகு முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏசுதாஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அப்போதுதான் தாராளமாக அழுதேன்.

இரண்டு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. காரின் அடையாளங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று, "பானெட்டின் நடுவில் வலையுடன் கூடிய காற்றுத்துளை." முதலாளி மூன்று முறை படித்தார்.

"சரோஜா, அந்த ரூல் இன்னா சொல்லுது? ஒவ்வொரு வண்டியும்..."

"முதல் வண்டியை எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும் சார்" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"அப்ப கடைக்கிப் போய் இன்னும் ரெண்டு டீ வடிகட்டி வாங்கினு வா."

மொத்தம் மூன்று கார்கள்தான் அந்த ஷெட்டிலிருந்து போயின. மூன்றிலும் வடிகட்டி. பிறகு முதலாளி தொட்டிக்கே திரும்பினார்.

போன வருஷம் என் மகள் ஒரு பழைய கார் கண்காட்சிக்கு அழைத்துப்போனாள். அங்கே, கூட்டத்துக்கு நடுவில், அதே சிவப்பு. என் இடுப்புயரம்தான். அதன் சொந்தக்காரப் பையன் எல்லோருக்கும் பானெட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த ஹோல பாருங்க. கரெக்டா காத்து போற எடம். அந்தக் காலத்துல எவ்ளோ யோசிச்சு டிசைன் பண்ணிக்கீறாங்க!"

மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் தூணுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வடிகட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் டிசைனர். போன மாதம் மகள் ஸ்கூட்டர் வாங்கியபோதும், "டிசைனரம்மா, நீங்க அங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கற்பூரத்தை ஏற்றினார்கள்.