நெஞ்சுவலிக்குக் கடைசி டோக்கன்

இனாமாக வரும் எதையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தப் புத்தி ஒருநாள் என் மாமாவையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

வீடியோ பார்த்தே ப்ரோகிராமிங் கற்றவன் நான். ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் ஒரு சொகுசு உண்டு. வகைகளை வரிசையாக எழுதி, கடைசியில் 'டெரைவிங்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிடும் வேலையை, நாம் எழுதுவதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே எழுதிக்கொள்ளும். (சோம்பேறிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?)

மயிலாப்பூரில் ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் போர்டு செய்தேன். நோயாளி வகைகளை அவசரம், சீக்கிரம், சாதாரணம் என்று வரிசையாக எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர்தானே முதலில் வரும்? "பெரியதை முதலில் கூப்பிடு" என்றும் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் காலை. போர்டுக்குக் கீழே மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் என் மாமா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நர்ஸ் செல்வி 'அவசரம்' என்று பதிந்தார். போர்டில் மாமா பெயர் கடைசியில் வந்தது.

போர்டை மறுபடி படித்தேன். அதற்குள் இருமிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் மாமாவுக்கு மேலே ஏறிக்கொண்டார்கள்.

"டேய் நைனா, நீ செஞ்ச போர்டுதானே? வரச்சொல்ல பன்னெண்டாவது ஆளு, இப்போ பதினஞ்சாவது. பின்னாடியே போய்க்கினு கீறேனே, இன்னாடா இது?"

"ஒரு நிமிஷம் மாமா, கோட்ல ஏதோ..."

"கோடு கெடக்கட்டும் சார், ஆளைத் தூக்கு!" என்று கத்தினார் செல்வி. இருவருமாக டாக்டர் அறைக்குள் தூக்கிப் போனோம். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். கம்பைலர் கணக்கில் முதலில் எழுதியதுதான் ஆகச் சிறியது. அவசரத்தைவிடச் சளி பெரிது! வரிசையைத் திருப்பிப் போட ஒரே வரி. அதை மூன்று முறை தப்பாக அடித்தேன். கதவு திறக்கவில்லை. அத்தைக்கு என்ன பதில் சொல்வேன்?

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார். "அட்டாக்தான். மருந்து குடுத்தாச்சு, ஆம்புலன்ஸ் வருது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்." அத்தைக்கு ஃபோன் போட்டேன்.

மாமா பிழைத்து வந்து, மறுபடி வஞ்சிரம் வெட்டுகிறார். போன மாதம் என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைத்தான் முதலில் போட்டேன். போர்டில் நடந்த கூத்தை என்னிடமே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தவர், பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"மச்சான் புள்ள என் பேர மொதல்ல போட்டுட்டான்பா! எனுக்குச் சோறு கடைசிப் பந்திலதான்!"